பள்ளி அரங்கத்துக்கு முழுநேர டெக்னிகல் டைரக்டர்: எடுக்கலாமா, யாரை எடுப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் எழுநூறு பேர் உட்காரும் அரங்கம் கட்டியிருக்கிறீர்கள். வருடத்துக்கு இரண்டு நாடகம், ஓர் ஆண்டு விழா. நாடகத்துக்கென்றே ஓர் ஆசிரியை இருக்கிறார். லைட், சவுண்ட், செட் எல்லாம் ஒவ்வொரு முறையும் வாடகைக்கு வருகிறது. தாளாளர் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "முழுநேரமா ஒரு டெக்னிகல் டைரக்டரைப் போட்டுடலாம்" என்கிறார். மேடையின் லைட், சவுண்ட், செட் எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள் என்று அர்த்தம். தேவையா, யாரை எடுப்பது, எங்கே தேடுவது, என்ன சம்பளம் என்று கேட்கிறீர்கள்.

எடுக்கலாம். ஆனால் நாடகம் நடக்கிற நாலு நாளை மட்டும் மனதில் வைத்து ஆள் எடுத்தால், அவர் ஒரு வருடத்தில் ராஜினாமா கொடுப்பார், அல்லது நீங்களே "இவருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கத் தொடங்குவீர்கள். மிச்சமுள்ள இருநூற்றுச் சொச்சம் பள்ளி நாட்களில் அவர் என்ன செய்வார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் நிரம்பினால் ஆள் எடுங்கள். நிரம்பாவிட்டால் வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் இருபத்தைந்து வருடமாக மதுரையில் மேடை லைட் வேலை பார்க்கிறேன். கோயில் திருவிழா, நாடகம், கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளி ஆண்டு விழாக்கள் மட்டும் ஒரு நூறாவது இருக்கும். அதில் ஒன்றைச் சொன்னால் இந்தப் பதவி எதற்கு என்பது புரிந்துவிடும்.

பன்னிரண்டு, பதிமூன்று வருடம் இருக்கும். பள்ளியின் பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆண்டு விழா. மத்தியானம் என் சாமான்களை இறக்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த மின் பேனலைத் திறந்தேன். ஜெனரேட்டரிலிருந்து வரும் நியூட்ரல் ஒயர் டெர்மினலில் முறுக்கப்படவே இல்லை. இன்னொரு ஒயரோடு சேர்த்துத் திருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் வெயிலில் இளகிப் பிசுபிசுவென்று இருந்தது. இதை யாரிடம் சொல்வது? பி.டி. வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஆபீஸ் மேனேஜரிடம் போகச் சொன்னார். மேனேஜர், "அது கட்டடக்காரங்க போட்டது. கரெஸ்பாண்டன்ட் வர்ற நேரம், இப்ப எதையும் கழட்டாதீங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஆறரை மணிக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. இரண்டாவது பாட்டில் அந்தத் திருகல் விட்டுப்போனது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கழன்றால் என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். லோடு குறைவாக இருக்கிற ஃபேஸில் வோல்டேஜ் 230-ஐத் தாண்டி 400 பக்கம் ஏறும். மிக்ஸர் போனது, இரண்டு ஆம்ப்ளிஃபையர் போனது, என் எல்.இ.டி. விளக்குகளில் எட்டு போயின. ஒரு ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து புகை வந்தது. மயில் வேஷம் போட்டிருந்த யு.கே.ஜி. பிள்ளைகள் இருட்டில் மேடையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். யாருக்கும் அடிபடவில்லை.

அந்தப் பள்ளியில் நல்ல மிக்ஸர் இருந்தது, விலை உயர்ந்த திரைச்சீலை இருந்தது, நாடக ஆசிரியர்கூட இருந்தார். "இந்த மேடை என் பொறுப்பு. இதைச் சரி செய்யாமல் நிகழ்ச்சி தொடங்காது" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நீங்கள் எடுக்கப்போவது அந்த ஆளைத்தான். லைட் போடுவதும் செட் கட்டுவதும் அதற்கு அப்புறம்.

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் இந்தப் பதவி உண்டு. அங்கே அரங்கத்தை ஒட்டி ஒரு தச்சுப் பட்டறையே இருக்கும். டெக்னிகல் டைரக்டர் செட் கட்டுவதை மேற்பார்வை செய்வார், லைட் சவுண்ட் சாமான்களைப் பராமரிப்பார், மாணவர்களைச் சேர்த்து மேடைக் குழுவாகப் பழக்குவார், அரங்கம் வெளி ஆட்களுக்கு வாடகைக்குப் போனால் கூடவே நிற்பார். பல இடங்களில் வகுப்பும் எடுப்பார். உங்கள் தாளாளர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. நம் பள்ளியில் பட்டறையும் கிடையாது, பத்து வார ஒத்திகையும் கிடையாது. ஆனால் வேலையின் சாரம் அதேதான்.

நமக்கு இது புதுசும் இல்லை. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது மதுரையில்தான். பையன்களை வைத்து நடத்திய அந்தச் சபையில் வளர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். கன்னையா கம்பெனியின் காட்சி ஜோடனையையும் நவாப் ராஜமாணிக்கத்தின் தந்திரக் காட்சிகளையும் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். மேடையில் சாமி ஆகாயத்திலிருந்து இறங்கினார் என்றால், மேலே உத்தரத்தில் ஒருவர் கயிறைப் பிடித்திருந்தார் என்று அர்த்தம். அவர் பெயர் நோட்டீஸில் வராது, அவ்வளவுதான். இன்றைக்கும் நம் பக்கத்துக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் என்றால், நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள், ஒத்திகை கிடையாது, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வள்ளி திருமணம் ஓடும். அந்த மேடையில் தர்பார், தெரு, காடு என்று படுதாவை ஏற்றி இறக்குகிற சீன்காரர் சாயங்காலமே வந்து கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். அந்தப் பழக்கம் உள்ள ஆள் நமக்கு வேண்டும்.

சரி, "வாடகைக்காரர்களே இதைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று உங்கள் கணக்காளர் கேட்பார். நியாயமான கேள்வி. மைக் செட்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே அந்த வகைதான். ஆனால் உங்கள் ஆண்டு விழா தை, மாசியில் வருகிறது. அதே மாதங்களில்தான் முகூர்த்தம். ஒரே நாளில் மூன்று இடம் ஒத்துக்கொண்டு, நல்ல ஆளைக் கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, உங்களுக்குப் புதுப் பையனை அனுப்புவார்கள். வருகிறவருக்கு உங்கள் அரங்கம் தெரியாது. எந்த பிளக் பாயிண்ட் எந்த எம்.சி.பி.யில் (லோடு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்ச்) இருக்கிறது, எந்த மூலையில் மைக் கீச்சிடும், எந்தத் திரை பாதியில் சிக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு லோடு வண்டியில் ஏறிப் போய்விடுவார்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். மேடைக்கு மேலே தொங்கவிடுகிற டப்பா மாதிரி விளக்கைப் பார் (PAR) என்போம். பழைய பார் விளக்கு ஒன்று 1000 வாட். பன்னிரண்டு தொங்கவிட்டால் 12,000 வாட். 230 வோல்டில் அது 52 ஆம்பியர். உங்கள் மேடைக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றுதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அது விழுந்ததும் வந்த பையன் என்ன செய்வான்? மேடையை விட்டுவிட்டு, பக்கத்து ஏ.சி. லைனிலிருந்து ஒயர் இழுப்பான். இல்லையென்றால் எம்.சி.பி.யையே பெரிதாக மாற்றுவான். சுவருக்குள் இருக்கிற ஒயர் மட்டும் பழைய ஒயர்தான். அடுத்த வருடம் சுவர் சூடாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். நிலையாக ஓர் ஆள் இருந்தால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டு, பேனல் கதவில் ஒட்டி வைத்துவிடுவார்.

இப்போது, பள்ளிகளில் இந்தப் பதவி எப்படிச் சாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்து இரண்டு இடத்தில் செத்திருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி. ஆள் சேர்ந்த முதல் வாரம் பிரின்சிபால் கூப்பிட்டு, "சார், ஸ்மார்ட் போர்டு ஒண்ணு வேலை செய்யல, கொஞ்சம் பாருங்களேன்" என்பார். அடுத்த வாரம் பிரேயர் மைக். அப்புறம் பீரியட் பெல், சி.சி.டி.வி., ஆபீஸ் பிரிண்டர், கரெஸ்பாண்டன்ட் வீட்டு வைஃபை. ஆகஸ்ட் மாதம் வருவதற்குள் அவர் 'ஏ.வி. சார்' ஆகிவிடுவார். அரங்கம் பூட்டிக் கிடக்கும். ஆகவே நியமன உத்தரவிலேயே எழுதுங்கள்: அரங்கமும் நாடகமும் அவர் வேலை. வகுப்பறைச் சாமான்களுக்கு வேறு ஆள் அல்லது வெளி ஒப்பந்தம். பிரேயர் மைக்கை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியானால் அந்த இருநூறு நாளும் என்ன செய்வார்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளிலிருந்து பதினைந்து இருபது பேர் கொண்ட ஒரு மேடைக் குழு, வாரத்துக்கு இரண்டு பீரியட். நடிக்கக் கூச்சப்படுகிற, ஆனால் கை சும்மா இருக்காத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கு ஆண்டு விழா என்றால் கடைசி வரிசையில் தலையாட்டும் மரம் வேஷம்தான் கிடைக்கும். அவர்களை மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து பாருங்கள். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஒரே இடத்தில் விழவைத்தால் வெள்ளைத் துணியில் மஞ்சள் வரும். வாட்டர் கலரில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் சேறுதான் வரும் என்று தெரிந்து வைத்திருக்கும் பிள்ளை, இதைப் பார்த்ததும் எழுந்து போய்த் துணியைத் தொட்டுப் பார்க்கும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள். செட்டுக்குத் தட்டி அடிக்கும்போது மூலை சரியாக நிற்கிறதா என்று தச்சர் எப்படிப் பார்ப்பார்? ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நாலு அடி குறித்து, குறுக்கே அளந்தால் ஐந்து அடி இருக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையன், கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு "சார், இது அதுதானே?" என்று கேட்பான். பத்தாம் வகுப்பு மின்னோட்டப் பாடம் முழுவதும் அந்த 52 ஆம்பியர் கணக்கில் இருக்கிறது. அறிவியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசினால், அரங்கம் வாரம் ஒரு நாள் பரிசோதனைக் கூடமாகவே ஓடும்.

இது போக, பராமரிப்பு. கேபிள்களுக்கு எண் ஒட்டுவது, மைக் கேபிளையும், விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற டி.எம்.எக்ஸ். கேபிளையும் பிரித்து வைப்பது (இரண்டுக்கும் ஒரே மாதிரி மூன்று பின் என்பதால் மாற்றி மாட்டிவிட்டு, விளக்கு ஏன் தானாகத் துடிக்கிறது என்று பாதி ஊர் தேடிக்கொண்டிருக்கிறது), கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தையும் அதன் குழியையும் (எர்த் பிட்) சோதிப்பது, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மேடை லைனுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, தீயணைப்பான் தேதி, வெளியேறும் கதவு. கதவு என்றதும் ஒன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அங்கே கூரை கீற்று. உங்கள் அரங்கம் கான்கிரீட்தான். ஆனால் மேடையில் தொங்குவது துணி, செட் தெர்மாகோல், பக்கத்தில் சூடான விளக்கு. நிகழ்ச்சி அன்று "வெளி ஆட்கள் நுழைஞ்சிடுவாங்க" என்று பக்கவாட்டுக் கதவைப் பூட்டுகிற வழக்கம் நம் பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. பூட்டைக் கழற்றச் சொல்கிற அதிகாரம் அவரிடம் இருக்க வேண்டும். மேடையில் குழந்தைகள் ஆடும்போது கல்யாண மண்டப பாணியில் தீப்பொறி மெஷின் வைக்கலாமா என்று ஏதாவது ஒரு பெற்றோர் கேட்பார். "கோல்டு ஃபயர் சார், சுடாது" என்பார். அதற்குள் எரிவது உலோகத் தூள், வாய்ப்பக்கம் நன்றாகவே சுடும். அதற்கும் 'முடியாது' என்று சொல்ல ஆள் வேண்டும்.

எப்போது எடுக்கக் கூடாது? அரங்கச் சாவி ரிஜிஸ்டரைப் பாருங்கள். கடந்த வருடம் ஒத்திகை, நிகழ்ச்சி, கூட்டம் எல்லாம் சேர்த்து அறுபது நாளுக்குக் கீழே திறந்திருந்தால், மேடைக் குழு வகுப்பு நடத்தவும் பள்ளிக்கு விருப்பம் இல்லையென்றால், முழுநேர ஆள் வேண்டாம். இது என் கைக்கணக்கு. அந்த நிலையில், உங்கள் டிரஸ்ட்டுக்கு இன்னொரு பள்ளி இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒருவரை வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் நல்ல வாடகைக்காரர் ஒருவரோடு வருட ஒப்பந்தம் போடுங்கள். அதில் ஒரே நிபந்தனை, 'ஒவ்வொரு முறையும் இந்த ஆள்தான் வரவேண்டும்' என்று பெயரை எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி இல்லாத மாதத்திலும் ஒரு நாள் வந்து பேனலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எடுப்பது என்று முடிவானால், எங்கே தேடுவது? நாடகம் படித்தவர்கள் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையிலிருந்தும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையிலிருந்தும், திருச்சூர் நாடகப் பள்ளியிலிருந்தும் வருகிறார்கள். கர்நாடகத்தில் ஹெக்கோடு கிராமத்தில் இருக்கும் நீனாசத்தில் ஒரு வருடப் பயிற்சி எடுத்தவர்கள் கை வேலைக்கு அஞ்ச மாட்டார்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளி ஆட்கள் திருமங்கலத்துக்கு வந்து தங்குவார்களா என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், பாலிடெக்னிக் எலக்ட்ரிகல் டிப்ளமோ, மின் உரிம வாரியத்தின் ஒயர்மேன் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். இவர்களில் கல்லூரி நாடகம், தெருக்கூத்து, வீதி நாடகம் என்று எதிலாவது அலைந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். பேப்பரில் 'டெக்னிகல் டைரக்டர் தேவை' என்று விளம்பரம் போட்டால் சாஃப்ட்வேர் கம்பெனி என்று நினைத்து விண்ணப்பம் வந்து குவியும். 'பள்ளி அரங்க மேடைப் பொறுப்பாளர்: லைட், சவுண்ட், செட்' என்று தமிழில் போடுங்கள். மதுரையில் நாடக நடிகர் சங்கத்துப் பக்கம் போய்க் கேட்டால் சீன் செட் வைத்திருக்கும் குடும்பங்களைக் காட்டுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது டிப்ளமோ முடித்திருக்கிறார்கள்.

தேர்வில் சான்றிதழை ஐந்து நிமிடம் பாருங்கள். மிச்ச நேரம் அரங்கத்தில்.

நண்பர் ஒருவரின் பள்ளிக்கு இப்படி ஒரு தேர்வு நடத்த நான் போயிருந்தேன். மூன்று பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம், நாலு பிள்ளைகள், ஓர் ஏணி, மூன்று மைக் கேபிள். அதில் ஒன்றில் உள்ளே ஒரு பின்னின் ஈயப்பற்றை நானே முந்தின நாள் எடுத்துவிட்டிருந்தேன். "ஒரு கேபிள் போச்சு, கண்டுபிடிங்க. அப்புறம் மேலே அந்த விளக்கைக் கழட்டி மாத்துங்க. பிள்ளைகளைக் கூட வெச்சுக்குங்க." இவ்வளவுதான் கேள்வி.

முதலில் வந்தவர் பி.இ. லேப்டாப்பில் அரங்கத்தை முப்பரிமாணத்தில் வரைந்து கொண்டுவந்திருந்தார், அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேபிளை முழங்கையில் போட்டுக் கயிறு மாதிரி சுற்றினார். அப்படிச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கிற கம்பிகள் முறுக்கேறிச் சாகும். கையில் ஒரு வளையம் நேராக, அடுத்தது புரட்டி, என்று மாற்றி மாற்றி அடுக்குவதுதான் முறை. விளக்கு மாற்ற ஏறும்போது எம்.சி.பி.யை அணைக்கவும் இல்லை. இரண்டாமவர் பதினைந்து வருட மைக் செட் அனுபவம். கேபிளைக் காதில் வைத்துக் கேட்டது மாதிரி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் டெஸ்டரைத் தொட்ட பையன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "டேய், தள்ளி நில்லு" என்றார். அந்தப் பையன் அதற்கப்புறம் தேர்வு முடியும்வரை சுவரோரமாகவே நின்றான்.

மூன்றாவது ஒரு பெண். பாலிடெக்னிக் டிப்ளமோ, சென்னையில் ஒரு லைட் வாடகைக் கடையில் ஒரு வருடம். கேபிளை எடுத்து எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்து, "எத்தனை பின்னு இருக்கு பாப்பா?" என்றார். மூன்று. "அந்தப் பக்கம்?" மூன்று. "அப்ப எத்தனை தடவை தொட்டுப் பார்க்கணும்?" பிள்ளை யோசித்து மூன்று என்றது. மல்டிமீட்டரைப் பிள்ளையே பிடித்தது. முதல் பின், பீப். இரண்டாவது, பீப். மூன்றாவதில் சத்தம் இல்லை. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம் ஆனது, இரண்டாமவரைவிடப் பத்து நிமிடம் கூட. அப்புறம் அவர் தாளாளர் பக்கம் திரும்பி, "சார், அரங்கத்துக்கு எர்த் பிட் எங்க இருக்கு?" என்று கேட்டார். அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

அவரைத்தான் எடுத்தார்கள். தச்சு வேலை அவருக்கு வராது. அதற்கு நாள் கூலிக்குத் தச்சர் வருகிறார். ராத்திரி ஒத்திகைக்குப் பெண் எப்படி என்று நிர்வாகம் முதலில் இழுத்தது. பிள்ளைகளை இறக்கிவிடுகிற அதே வண்டி அவரையும் இறக்கிவிடும் என்று ஏற்பாடானதும் பிரச்சினை தீர்ந்தது. ஆணோ பெண்ணோ, மேடைக்குப் பின்னால் இருட்டில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, இரண்டு பெரியவர்கள் எப்போதும் வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள்படி, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் ஆசிரியர், அலுவலர், ஒப்பந்த ஊழியர் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். இவருக்கும், இவர் கூப்பிட்டு வரும் தச்சருக்கும் சேர்த்துத்தான்.

சம்பளம். உங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்பு ஆசிரியருக்கு என்ன தருகிறீர்களோ அதையே தாருங்கள். அலுவலக உதவியாளர் சம்பளத்தில் போட்டால் ஸ்டாஃப் ரூமில் அவருக்கு நாற்காலி கிடைக்காது, சொன்ன சொல்லுக்கு மரியாதையும் கிடைக்காது. 'முடியாது' என்று சொல்ல வேண்டிய ஆளை எல்லாரும் ஏவுகிற இடத்தில் உட்கார வைத்து என்ன பயன்? பி.எஃப். பிடியுங்கள். இ.எஸ்.ஐ.க்கு (அரசின் தொழிலாளர் காப்பீடு) 2017-இல் வைத்த சம்பள வரம்பு 21,000 ரூபாய். அதற்கு மேல் தந்தால் அவர் அதில் வரமாட்டார். ஆகவே ஏணியில் ஏறுகிறவருக்குப் பள்ளி தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ராத்திரி பத்து மணிவரை ஒத்திகை என்றால் மறுநாள் காலை எட்டரைக்குப் பஞ்ச் வைக்கச் சொல்லாதீர்கள். விழா முடிந்ததும் இரண்டு நாள் ஈடு விடுப்பு.

"பணம் எங்கிருந்து?" என்றால், அரங்கம் கட்டியதிலிருந்து வந்த இரண்டு வருட வாடகை பில்களைக் கூட்டிப் பாருங்கள். உடைந்தது, காணாமல் போனது, அவசரத்துக்கு வாங்கியது எல்லாம் சேர்த்து. முழுச் சம்பளமும் அதில் வராது, ஆனால் நினைத்ததைவிட அதிகமாக வரும். இன்னொரு யோசனை: எல்.இ.டி. வால் (மேடைக்குப் பின்னால் நிற்கிற பெரிய வீடியோ திரை) வாங்குகிற திட்டம் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் பின்னால் ஒரு எல்.இ.டி. வால், அதில் அருவி கொட்டுகிறது, முன்னால் பிள்ளைகள் கறுப்பு நிழலாகத் தெரிகிறார்கள். முகத்தில் வெளிச்சம் போட ஆள் இல்லை. அந்தத் திரை வாங்கிய காசில் இரண்டு வருடச் சம்பளம் இருந்திருக்கும்.

சம்பளத்தோடு கைச்செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். மல்டிமீட்டர், டிரில், ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் அயர்ன், நல்ல ஏணி, ஒரு சின்ன மரப்பலகைப் பெட்டி. டேப் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும் என்றால் அவர் மறுபடியும் ஒயரைத் திருகித்தான் விடுவார். பெரிய சாமான்களை உடனே வாங்க வேண்டாம். முதல் வருடம் மிக்ஸர், நாலு காலர் மைக், ஒரு டஜன் எல்.இ.டி. பார் போதும். மிச்சத்தை வாடகைக்கே எடுக்கட்டும். எதை வாங்குவது என்பதை இரண்டாம் வருடம் அவர் சொல்வார்.

கடைசியாக நாடக ஆசிரியை விஷயம். அவரைக் கேட்காமல் இந்த ஆளை எடுக்காதீர்கள், தேர்வு அன்று அவரும் உட்கார வேண்டும். இருவரில் யாருக்கு யார் மேல் என்ற சண்டை நிச்சயம் வரும். மேடையில் என்ன தெரிய வேண்டும் என்பது ஆசிரியையின் முடிவு. அது பத்திரமாக நிற்குமா என்பது இவர் முடிவு. இரண்டாவதில் தாளாளர் உட்பட யாரும் குறுக்கே வரக் கூடாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, அந்த மின் பேனல் கதவிலேயே ஒட்டுங்கள்.

விளம்பரத்தை மார்ச்சில் போடலாம். ஆனால் தேர்வைச் சித்திரைத் திருவிழா சமயத்தில் வைக்காதீர்கள், நம் பக்கத்து லைட், சவுண்ட் ஆட்கள் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் போகட்டும். அப்போது கூப்பிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆள் அரங்கத்தில் கேபிளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பார்.